ஐந்து வருஷ அனுபவம் கேட்கும் உதவியாளர் வேலை

போன பொங்கலுக்குச் செம்பரம்பாக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் சித்தி மகன் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். "அண்ணா, நீங்கதான் எப்பப் பாத்தாலும் எதையாவது நோண்டிப் படிச்சிட்டு இருப்பீங்களே. இதுல எது செல்லும், எது செல்லாதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவனுக்கு முப்பத்து நாலு வயது. பதினேழு வயதிலிருந்து வயரிங் வேலை. இருங்காட்டுக்கோட்டையில் 1990களின் கடைசியில் கார் கம்பெனி வந்தது. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசை கட்டின. வேலைக்கு வந்த பிள்ளைகள் தங்குவதற்கு ஊர் ஊராக வாடகை அறைகள் முளைத்தன இல்லையா, எங்கள் பக்கத்து அறைகளில் பாதி இவன் கை பட்டவை என்று சித்தி பெருமையாகச் சொல்வார். சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, வயர் இழுத்து, டிபி பாக்ஸ் மாட்டி, கடைசியில் ஃபேனைச் சுற்றவிட்டுக் காட்டுவது வரை ஒற்றை ஆளாகச் செய்வான்.

கவரைப் பிரித்தேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கணக்கில் போய்விட்டது. ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தபோது கொடுத்த அட்டை, அதில் 'டிரெய்னி' என்று இருந்தது. அந்த வேலைக்கு ஆள் அனுப்பிய லேபர் காண்ட்ராக்டரின் கடிதம், அதில் 'ஜெனரல் அசிஸ்டென்ட்'. மத்திய அரசின் திறன் திட்டத்தில் ஓரிரு நாள் உட்கார்ந்து தேர்வு எழுதி வாங்கிய சான்றிதழ், லேமினேட் செய்தது. சிங்கப்பூருக்கு 'ஸ்கில் டெஸ்ட்' அடிப்பதற்கான ஒரு பயிற்சி மையத்தின் பழைய நோட்டீஸ். சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் போகவில்லை. நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று. அப்புறம், ரசீது என்று நினைத்து அவன் தவறுதலாக உள்ளே வைத்துவிட்ட ஒரு நோட்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மின் வேலை செய்ய அரசு தரும் அனுமதிச் சான்று மட்டும் அதில் இல்லை.

அன்றிலிருந்து இரண்டு மாதமாக இது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த வாசிப்பின் குறிப்புதான் இது. விமர்சனம் என்றும் வைத்துக்கொள்ளலாம். நாவலை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம். ஒரு விதியையும், ஒரு அறிவிப்பையும், ஒரு பாடநூலையும் அதே மாதிரி உட்கார்ந்து படித்து விமர்சித்தால் என்ன?

முதலில் விதி. 1956ஆம் வருடத்து இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி. அதன் சாரம் பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளுக்குள் வந்தது. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன. ஒருவரின் இடத்தில் மின் வேலை எதுவானாலும், புதிதாகப் போடுவதோ, மாற்றுவதோ, பழுது பார்ப்பதோ, மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற ஒருவர் நேரடியாக மேற்பார்வை பார்க்க வேண்டும். கையால் வேலை செய்பவரிடம் அனுமதிச் சான்று இருக்க வேண்டும். விலக்கு உண்டு: 250 வோல்ட்டுக்கு மேற்படாத பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாதிரியானவற்றை, மொத்த அமைப்பின் தன்மை மாறாமல் கழற்றி மாட்டலாம்.

ஒரு எழுத்தாக இதைப் பார்த்தால் நல்ல எழுத்து என்றே சொல்வேன். பணம் வாங்கிப் பொறுப்பேற்பவர், மேற்பார்ப்பவர், கையால் செய்பவர் என மூன்று பேரையும் பிரித்து நிறுத்தி, மூன்று பேர் மேலும் கடமை வைக்கிறது. நம் நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்சாரம் தாக்கிச் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில் இந்த விதி இறுக்கமாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

என் சிக்கல் வேறு இடத்தில். அந்த வாக்கியத்துக்குள் நாலாவதாக ஒரு ஆள் இருக்கிறாரா என்று தேடினேன். வேலையைக் கற்றுக்கொண்டிருக்கும் ஆள். இல்லை. அனுமதி உள்ளவர் செய்யலாம், இல்லாதவர் செய்யக்கூடாது. அனுமதி இல்லாதவர் எங்கே நின்று, யார் பக்கத்தில், எதைத் தொட்டு அனுமதி உள்ளவராக மாறுவார் என்பதை மாநிலத்திடம் விட்டுவிட்டது மத்திய விதி. ஐடிஐ போனவருக்குப் பதில் தெளிவு: எலக்ட்ரீஷியன் பிரிவோ வயர்மேன் பிரிவோ இரண்டு வருடம் படித்து, தேசியச் சான்றிதழ் வாங்கி, தேவையான அனுபவத்தோடு விண்ணப்பித்து வயர்மேன் சான்று பெறலாம். ஆனால் செம்பரம்பாக்கத்தில் சுவரில் காடி வெட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஐடிஐ போனவர்கள்? அவர்களில் பலர் இவனைப் போல ஒரு மேஸ்திரி பின்னால் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கற்றவர்கள்தான்.

அவர்களுக்காகத் தமிழ்நாடு வைத்திருக்கும் வாசலைப் பற்றித்தான் அந்தச் செய்தித்தாள் துண்டு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் 'மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு'. மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு மூலையில் வரும், கண்ணில் படாமல் போவதற்கென்றே அளவெடுத்த மாதிரி. வயது 21 ஆகியிருக்க வேண்டும், உச்ச வரம்பு கிடையாது. மின் ஒயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும்.

இதை இரண்டு முறை படித்தேன். தேர்வின் பெயரில் 'உதவியாளர்' என்று இருக்கிறது. கேட்கும் அனுபவம் ஐந்து ஆண்டு. அதாவது, ஐந்து வருடம் வயரிங் வேலை செய்து, தேர்வும் எழுதித் தேறினால், வயர்மேனுக்கு உதவி செய்யும் தகுதி கிடைக்கும். வயர்மேன் ஆகும் தகுதி அல்ல! இவன் பதினேழு வருட ஆள். இவனிடம் வேலை பழகிப் போன ஒரு பையன் இப்போது ஐடிஐ முடித்து வயர்மேன் சான்று வைத்திருக்கிறான். காகிதத்தின்படி பார்த்தால் அந்தப் பையனுக்கு இவன் ஏணி பிடிக்க வேண்டும்.

சரி, பெயரில் என்ன இருக்கிறது என்று விடுவோம். அந்த ஐந்து வருடத்தில்தான் நிஜமான முடிச்சு. அனுமதி இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்கிறது விதி. ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு வா என்கிறது அறிவிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், விதியை மீறாமல் ஐந்து வருட அனுபவம் சேர்ப்பது எப்படி என்று கேட்கத் தோன்றும். உரிமம் உள்ள ஒப்பந்ததாரரிடம், மேற்பார்வையில், எடுபிடியாக இருந்து சேர்க்கலாம் என்பதுதான் எழுதாத பதில். அப்படியென்றால் அந்த ஒப்பந்ததாரர் இவனைத் தன் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் சம்பளக் கணக்கு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் பின்னால் வரும். யார் எழுதுவார்கள்?

இவன் கடிதம் கேட்டு ஒரு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் போயிருக்கிறான். அவருடைய வேலைகளில் விட்டு விட்டு நாலு வருடம் இவன் இருந்திருக்கிறான். அவர் பதிவேட்டைத் திறந்து பார்க்கவே இல்லையாம். ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார். "நான் செஞ்ச வேலைக்கு நானே காசு குடுத்து லெட்டர் வாங்கணுமாணா?" என்று கேட்டான். அதே கடிதத்தை, வயரைத் தொட்டே பார்க்காத ஒருவனும் அதே தொகைக்கு வாங்கிக்கொள்ள முடியும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. இந்த முறையில் காகிதம் கேட்பது பாதுகாப்புக்காக என்றால், அந்தக் காகிதம் எதைப் பாதுகாக்கிறது?

இங்கே ஒரு சொல் குழப்பமும் உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. நம் ஊரில் எல்லாருமே 'காண்ட்ராக்டர்'. வீடு கட்டுபவர் காண்ட்ராக்டர், மின் உரிமம் வைத்திருப்பவர் காண்ட்ராக்டர், கம்பெனிக்கு வேனில் ஆள் ஏற்றி அனுப்புபவரும் காண்ட்ராக்டர். இவன் கவரில் இருந்தது மூன்றாவது வகைக் காண்ட்ராக்டரின் கடிதம். தொழிற்சாலையில் இவன் செய்தது மோட்டார் டெர்மினல் கழற்றுவது, கான்டாக்டர் மாற்றுவது, பேனலில் லூஸ் கனெக்‌ஷன் பார்ப்பது. (இதோ நாலாவது 'கான்டாக்டர்', இது பேனலுக்குள் டக்கென்று அடிக்கும் சாமான்.) கடிதத்தில் இருப்பது ஜெனரல் அசிஸ்டென்ட். ஏன் அப்படி என்றால், எலக்ட்ரிகல் என்று எழுதினால் அனுமதிச் சான்று எங்கே என்று யாராவது கேட்பார்கள். ஆளைக் காப்பாற்ற அல்ல, கேள்வியைத் தவிர்க்கத்தான் அந்தப் பெயர்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை முடியும்போது பணிச் சான்று தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதிகளிலேயே இருக்கிறது. 2020இல் நிறைவேற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், செய்த வேலையின் விவரத்தோடு அனுபவச் சான்று தர வேண்டும் என்கிறது. ஆனால் 'கேட்டால்' தர வேண்டும். கேட்கிறவன் அடுத்த வாரம் அதே காண்ட்ராக்டரின் வேனில்தான் ஏற வேண்டும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

'டிரெய்னி' அட்டைக்கு வருவோம். இந்தத் தொழிற்சாலைப் பாதையில் பயிற்சி என்ற சொல்லுக்கு நடந்தது தனிக் கதை. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் பயிற்சி என்றால் அதற்கு ஒரு பாடத்திட்டம் உண்டு, கடைசியில் ஒரு தேர்வு, ஒரு தேசியச் சான்று. 2013இல் ஏஐசிடிஇ 'நீம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மூன்று மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரை ஒருவரைப் பயிற்சியாளராக வைத்திருக்கலாம். அவர் ஊழியர் கிடையாது. திறனற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் உதவித்தொகை தந்தால் போதும். பிறகு அந்தத் திட்டம் நின்றுபோனது. ஆனால் 'டிரெய்னி' என்ற சொல் நின்றுபோகவில்லை. இவன் அட்டையில் இருப்பது எந்தத் திட்டத்தின் கீழ் என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு சொன்னாங்க? கழுத்துல மாட்டிக்கச் சொன்னாங்க, மாட்டிக்கிட்டேன்." இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட வகுப்பு என்று உட்காரவில்லை. வேலை கற்றுக்கொடுத்தது ஷிப்டில் கூட இருந்த ஒரு டிப்ளமோ அண்ணன்தான். "அவரு நல்லவரு. இல்லனா பேனல் பக்கத்துல போயிருக்கவே மாட்டேன்."

மறுபக்கம், அரசு ஒன்றும் சும்மா இருக்கவில்லை. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் 'தொழில் 4.0' மையங்களாக மாற்றும் திட்டம் 2022இல் கையெழுத்தானது. 2023 ஜூலையில் அதன் தொடக்கவிழா நடந்தது இவன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், ஒரகடம் அரசு ஐடிஐயில். ரோபோ, சிஎன்சி, மின்வாகனம் எல்லாம் வந்திருக்கின்றன. எனக்கு ரோபோ மேல் கோபம் எதுவும் இல்லை. பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை அங்கே போய்ப் படித்தால் நல்லதுதான். என் குறை, காலை ஒன்பதரைக்கு வகுப்பில் உட்கார முடியாத முப்பத்து நாலு வயதுக்காரருக்கு அந்தக் கட்டடத்தில் என்ன இருக்கிறது என்பது. அவனுக்கு ஏற்ற நேரத்தில் ஒரு மாலை வகுப்பு தேடி நாங்கள் இரண்டு பேரும் அலைந்தோம். பக்கத்தில் அமையவில்லை.

இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது ஏன் சான்றிதழ் தேடுகிறான் என்று பொங்கலன்று நான் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அவனே சொன்னான். அதைச் சொல்லலாமா என்று கேட்டேன், பேர் போடாமல் எழுதுங்கள் என்றான்.

ஒரு வாடகை வரிசை, நாலு அறை. வீட்டுக்காரர் நல்ல மனிதர், செலவுக்கு அஞ்சாமல் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி ஆர்சிசிபி வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாட்டினால், லோடு போட்டவுடன் டிரிப் ஆகிறது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுகிறது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இந்த லாட்டே சரியில்ல" என்று முடிவுகட்டி, நாலையும் பைபாஸ் செய்துவிட்டான். ஆறு மாதம் கழித்து ஒரு அறையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன், இரும்பு வாளியில் ஹீட்டர் ராடு போட்டு, தண்ணீரில் கை வைத்திருக்கிறான். தூக்கி அடித்திருக்கிறது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததாலோ என்னவோ, பிழைத்துக்கொண்டான். "அவன் ஒரு வார்த்தை என்னத் திட்டலணா. அவனுக்குத் தெரியாது, அந்தப் பொட்டி வேலை செஞ்சிருந்தா அன்னிக்கி ஒண்ணுமே ஆயிருக்காதுன்னு. எனக்குத் தெரியும்."

அவனுக்கு அப்போதும் தெரியாதது, அந்தப் பெட்டி ஏன் டிரிப் ஆனது என்பது. அதற்குத்தான் பாடநூல்.

ஐடிஐ பாடநூல்களைத் தயாரிப்பது நிமி என்று சுருக்கமாகச் சொல்லும் தேசியப் பயிற்றுக்கருவி நிறுவனம். 1986இல் ஜெர்மன் அரசின் உதவியோடு தொடங்கியது, இருப்பது சென்னை கிண்டியில். தமிழிலும் புத்தகம் போடுகிறார்கள். எலக்ட்ரீஷியன் முதலாண்டு தியரி புத்தகம் ஒன்று பழைய பிரதியாகக் கிடைத்தது. எம்சிபி, ஈஎல்சிபி பாடத்தைத் திறந்து அவனிடம் கொடுத்தேன். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று அந்தச் சாதனம் பார்த்துக்கொண்டே இருக்கும், வித்தியாசம் வந்தால் வெட்டிவிடும் என்பதுதான் விஷயம். அவன் படித்தான். படத்தைப் பார்த்தான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"நியூட்ரல நாலு ரூமுக்கும் ஒண்ணா சேத்து லூப் பண்ணிட்டேன் அண்ணா. ஒரு பொட்டில போறது இன்னொரு பொட்டி வழியா திரும்புது. அதான்."

அரை மணி நேரம். அவ்வளவுதான் ஆனது. பதினேழு வருடத்தில் யாராவது அவனை அரை மணி நேரம் உட்காரவைத்து அந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் நியூட்ரலைப் பிரித்து, நாலு பெட்டியையும் மறுபடி உயிரோடு மாட்டிவிட்டு வந்தான். கூலி வாங்கவில்லை.

ஆக, புத்தகம் வேலை செய்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். குறையும் இருக்கிறது. மொழியைப் பாருங்கள். புத்தகத்தில் மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை. சைட்டில் கரண்டு, வோல்டேஜ், ரெசிஸ்டன்ஸ். கலைச்சொல் கூடாது என்று சொல்ல வரவில்லை. பள்ளியில் படித்தவருக்கு அது பழக்கமான தமிழ்தான். ஆனால் பாதியில் படிப்பை விட்டுவிட்டுப் பதினேழு வருடம் கையால் கற்ற ஒருவர், தனக்கு நன்றாகத் தெரிந்த பொருளையே அந்நியமான பெயரில் சந்திக்கிறார். 'புவி இணைப்பு' என்ற இடத்தில் நின்று "இது இன்னா?" என்று கேட்டான். எர்த்து என்றேன். சிரித்தான். கரியும் உப்பும் போட்டு எத்தனை எர்த்துக் குழி எடுத்தவன்! ஓரத்தில் சைட் பெயரையும் சேர்த்து அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? இரண்டாம் ஆண்டில் டிசி ஜெனரேட்டர், டிசி மோட்டார், ஆர்மேச்சர் வைண்டிங் என்று நீளமாகப் போகிறது. இவன் தொழிற்சாலையில் பார்த்ததெல்லாம் இண்டக்‌ஷன் மோட்டாரும் அதை ஓட்டும் டிரைவும்தான். டிரைவ் பாடம் இல்லாமல் இல்லை. ஆனால் அதுவரை போய்ச் சேரும் முன் மாணவன் களைத்துவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. இது ஒரு வெளியாளின் அபிப்பிராயம்தான், ஐடிஐ ஆசிரியர்கள் மறுக்கலாம்.

ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. பாடநூல் போடும் நிறுவனத்தின் அஞ்சல் குறியீடு 600032. உதவியாளர் தேர்வு நடத்தும் துறையின் தலைமை அலுவலகமும் கிண்டி, 600032. மின் உரிமம் வழங்கும் வாரியம் இயங்கும் தலைமை மின் ஆய்வாளர் அலுவலகமும் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை, 600032. சொல்லிக்கொடுப்பதும், சோதிப்பதும், உரிமம் தருவதும் ஒரே தபால்காரரின் பை. செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரே நாளில் மூன்றுக்கும் போய்வந்துவிடலாம். போனால், மூன்று இடத்திலும் கேட்பது வேறு வேறு காகிதம்.

ஜெர்மனி பேச்சு வந்ததால் அதையும் பார்த்தேன். அங்கே எலக்ட்ரீஷியன் பயிற்சி மூன்றரை வருடம். பயிற்சிக்கே போகாமல் வேலையில் கற்றவருக்கும் வழி இருக்கிறது: பயிற்சிக் காலத்தைப் போல ஒன்றரை மடங்கு காலம் அந்தத் தொழிலைச் செய்ததாகக் காட்டினால், அதே இறுதித் தேர்வை வெளியாளாக எழுதலாம். கணக்குப் போட்டால் ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் மேல். கிட்டத்தட்ட நாம் கேட்கும் அதே ஐந்து. ஆனால் தேறினால் கிடைப்பது உதவியாளர் சான்று அல்ல, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே முழுச் சான்று. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. அந்தக் காலக்கணக்கு முழுசாக இல்லாவிட்டாலும், சான்றுகள் மூலமாகவோ 'வேறு வழியிலோ' திறமை இருப்பதை நம்பும்படி காட்டினால் தேர்வுக்கு அனுமதிக்கலாம் என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. கடைசியில் எப்படியும் தேர்வு இருக்கிறதே, வாசலில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். ஜெர்மானியரிடமிருந்து புத்தகம் போடக் கற்றுக்கொண்டோம், இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

நம்மிடமும் அதற்கு நெருக்கமான ஒன்று உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஐடிஐயில் சேராமலே, வேலை அனுபவத்தை வைத்து அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேறினால் வருவது முழுச் சான்றிதழ். எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்புப் போதும், ஆகவே இவனுக்குப் பொருந்தும். கவரைப் பார்த்த அன்று இப்படி ஒரு வழி இருப்பது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவனோடு வேலை செய்யும் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தபின் அவன் கேட்ட முதல் கேள்வி: "அதுக்கும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேணுமா?" வேணும்.

லேமினேட் செய்த அந்தத் திறன் சான்றிதழ்? முன்பே கற்றதை அங்கீகரிப்பது என்ற நல்ல யோசனையில் பிறந்த திட்டம் அது. யோசனையில் பழுதில்லை. ஆனால் அதைத் தருவது ஒரு கை, வயரைத் தொட அனுமதி தருவது வேறு கை. சித்தி அதைக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தார். செல்லாது என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் கழற்றியிருக்கிறார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் மின் துறையில் வேலை பார்க்கும் ஒரு நண்பரிடம் சொன்னபோது, அவர் ஒரே போடாகப் போட்டார்: "உன் தம்பியே ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணியிருக்கான். அவனுக்கு லேசா லைசென்ஸ் குடுக்கணுங்கிறியா?" நல்ல கேள்வி. லேசாகக் கொடுக்க வேண்டாம். தேர்வைக் கடினமாக்குங்கள். பகிர்ந்த நியூட்ரலோடு ஒரு போர்டைக் கொடுத்து ஏன் டிரிப் ஆகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மெக்கர் வைத்து இன்சுலேஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள். தவறினால் ஃபெயில் போடுங்கள். இப்போது இறுக்கம் இருப்பது அங்கே அல்ல, அனுபவக் கடிதத்தில். அந்தக் கடிதம் விலைக்குக் கிடைக்கிறது. விலைக்கு வாங்கிய கடிதத்தோடு உள்ளே போனவர் பைபாஸ் பண்ண மாட்டார் என்று யார் உறுதி சொல்வது? வெளியே நிற்பவர் வேலையை விட்டுவிடவும் போவதில்லை. நாளைக்குக் காலை ஏழு மணிக்கு அவன் டூல்ஸ் பையோடு கிளம்பித்தான் ஆக வேண்டும். வயரிங் முடிந்ததும் ரிப்போர்ட்டில் உரிமம் உள்ள ஒருவரின் கையெழுத்து வரும். கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டைப் பார்த்தாரா என்பது ரிப்போர்ட்டில் இருக்காது.

நண்பர் பதில் சொல்லவில்லை. கேங்மேன் வேலையை நினைவுபடுத்தினார். 2019இல் மின்வாரியம் அந்த வேலைக்கு ஆள் கேட்டபோது கேட்ட படிப்பு ஐந்தாம் வகுப்பு. மின்கம்பம் ஏறிக் காட்ட வேண்டும். அந்த ஒரு விஷயத்தில், கடிதம் கேட்காமல் செய்து காட்டச் சொன்னார்கள் என்றார். அது குழி தோண்டுகிற, கம்பம் நடுகிற வேலைக்கு, இதற்கு ஒப்பாகாது என்றேன். ஆனால் சொன்னதில் ஒரு பொருள் இருக்கத்தான் செய்தது.

இப்போது அந்த நோட்டு. நீள வாட்டில் தைத்த, மளிகைக் கடைக் கணக்கு நோட்டு. எலக்ட்ரீஷியன்கள் வீட்டு வேலையைப் பாயிண்ட் கணக்கில் பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: லைட் பாயிண்ட் இத்தனை, ஃபேன் பாயிண்ட் இத்தனை, பவர் பாயிண்ட் இத்தனை. பணம் வாங்குவதற்காக அவன் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறான். தேதி, தெரு, வீட்டுக்காரர் பெயர், பாயிண்ட் எண்ணிக்கை, எந்த அளவு வயர் எத்தனை காயில், எர்த்துக் குழி உண்டா இல்லையா. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அனகாபுத்தூர், மணப்பாக்கம் பக்கம் போய்த் தண்ணீர் புகுந்த வீடுகளில் சுவிட்ச் போர்டெல்லாம் கழற்றிக் காயவைத்து மாட்டியது ஆறு பக்கம் வருகிறது. இடையில் தொழிற்சாலையில் இருந்த இரண்டு வருடம் மட்டும் வெற்று. அங்கே பாயிண்ட் கணக்கு இல்லை.

பதினோரு வருடத்துக்கு இப்படி நோட்டு இருக்கிறது, மொத்தம் மூன்று. ஐந்து வருட அனுபவத்துக்கு இதைவிட நல்ல அத்தாட்சியை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரியையும் போய்ச் சரிபார்க்கலாம். வீடு அங்கேயே நிற்கிறது, வயர் சுவருக்குள் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இதை இணைக்க இடம் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு பழைய ஒப்பந்ததாரர் சம்மதித்திருக்கிறார். பணம் வேண்டாம், ஆனால் முறையாகத் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு ஒரு வருடம் தன்னிடம் வேலை செய்ய வேண்டும், முன்பு செய்த வருடங்களை நோட்டைப் பார்த்து, நாலு வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதித் தருவேன் என்றாராம். தினக்கூலி இப்போது கிடைப்பதைவிடக் குறைவு. வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை, இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது.

புத்தகம் அவனிடம்தான் இருக்கிறது. எர்த் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் பாடத்தில் நிற்கிறான். போன வாரத்திலிருந்து நோட்டில் ஒரு புதுக் கட்டம் கோடு போட்டிருக்கிறான்: வேலை முடிந்ததும் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க.